இலவ மரத்துக்குக் காவல்

காட்டுக்குள் ஒரு ஹோட்டல் கட்டுவதென்றால் முதலில் காடு இருக்க வேண்டும். எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலுக்கு அது தோன்றவில்லை. அவர் முதலில் ஹோட்டலைக் கட்டினார், பிறகு காட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். காடு கண்டெய்னர்களில் வந்து இறங்கியது. அதைச் சாகாமல் பார்த்துக்கொள்ள நானும் வந்து இறங்கினேன்.

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில், கல் உடைக்கும் குவாரிகளைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு காய்ந்த ஓடையின் கரையில் அந்த இடம் இருந்தது. சின்ன ஹோட்டல்தான். மெக்சிகோ பக்கத்துக் காடுகளில் ஒரு காலத்தில் ஓகோவென்று வாழ்ந்த மாயர்களின் கோயில் மாதிரி, படிப்படியாக ஏறும் சிமெண்ட் கோபுரம் ஒன்று நடுவில். அதைச் சுற்றி அறைகள். சுவரெல்லாம் உருட்டு விழியும் தொங்கும் நாக்குமாக முகங்கள். புதிதாக வேலைக்கு வருகிற நம்மூர்க்காரர்கள் முதல் நாள் அவற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டாம் நாள் அதே நாக்கில் சட்டையைத் தொங்கவிடுவார்கள்.

ஹோட்டலை வடிவமைத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கோபுரத்துக்கு முன்னால், நீச்சல் குளத்தின் கரையில், ஒரு பெரிய மரம் வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். மாயர்களுக்கு அது சாமி மரமாம். அதன் வேர் பாதாளத்தில் இருக்கிறது, கிளைதான் வானத்தைத் தாங்குகிறது என்றெல்லாம் அவர் இங்கிலீஷில் சொல்ல, மேனேஜர் அதை எனக்கு இந்தியில் சொன்னார். தாய்லாந்திலிருந்து அந்த மரம் டிரெய்லரில் படுத்தபடி வந்து சேர்ந்த அன்று நான் பயபக்தியோடுதான் கிட்டே போனேன். பச்சைப் பட்டை, பட்டையெல்லாம் கூம்புக் கூம்பாக முள். எங்கள் போடி அடிவாரத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிற இலவ மரம்! வானம் எதன்மேல் நிற்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கவலைப்பட்டதில்லை. இந்த மரத்துப் பஞ்சின்மேல் தலைவைத்துத் தூங்குவோம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன்.

"நம்ம பஞ்சு மரத்தக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து இங்க சாமியாக்கிட்டாங்கடி" என்றேன்.

"நெசமாவா மாமா? அப்ப நம்ம கொல்லைல நிக்கிறதுக்கும் ஒரு சூடத்தக் காட்டிரவா?" என்று சிரித்தாள்.

நல்ல சிரிப்பு அவளுக்கு. கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போன அந்த ஒரு லீவில் மட்டுமே அதைப் பக்கத்திலிருந்து கேட்டேன். அத்தை மகள்தான் என்றாலும், சின்ன வயதில் அவள் சிரித்ததைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. கேட்கத் தொடங்கியபோது லீவு முடிந்துவிட்டது. ஹோட்டல் திறந்ததும் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிடுவேன், பெரியகுளத்தில் நான் முன்பு வேலை பார்த்த நர்சரியிலேயே மறுபடி சேர்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

நட்ட மரம் தழைத்தது. வாழை, ஹெலிகோனியா, பெரிய பெரிய இலைவைத்த கொடிகள் என்று சுற்றிலும் ஒரு காடே கிளம்பியது. தண்ணீர் டேங்கர் ஒரு நாள் தவறாமல் வரும். மூடுபனிக் குழாய்கள் காலையும் மாலையும் புஸ்ஸென்று தண்ணீர்ப்புகை விடும். குவாரித் தூசி மட்டும் எல்லா இலையிலும் மாவு சலித்த மாதிரி வந்து படியும். அதைக் கழுவுவதே எனக்குப் பாதி வேலை. குழாய் வேலையெல்லாம் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் பார்த்துக்கொண்டார். பேச்சு குறைவு, பீடி அதிகம். திறப்பு விழா தீபாவளியை ஒட்டி இருக்கும் என்றார்கள். தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று நானும் வீட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்குத்தான் துபாயில் கிரேன்கள் ஒவ்வொன்றாக அசைவில்லாமல் நின்றன. எங்கோ அமெரிக்காவில் வங்கி விழுந்ததாம். விழுந்த சத்தம் எங்கள் மலையடிவாரம் வரைக்கும் வந்தது. பெயின்டர்கள் போனார்கள், எலக்ட்ரீஷியன்கள் போனார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி சொல்லாமலே போய்விட்டார். கட்டில்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்தன.

மேனேஜர் என்னையும் குழாய் அண்ணனையும் மட்டும் நிறுத்திவைத்தார். அவர் பம்பாய்க்காரர். "ஹோட்டலை விற்கப் போகிறோம். வாங்குகிறவன் சிமெண்டைப் பார்த்தா வாங்குவான்? ஜங்கிளைப் பார்த்துத்தான் வாங்குவான். ஜங்கிள் பச்சையாக இருக்கும்வரை நீங்கள் இரண்டு பேரும் இங்கே. விற்ற அன்றைக்கு பாஸ்போர்ட், டிக்கெட், எல்லாம் கையில். அதுவரை பாஸ்போர்ட் மாஃபி" என்று இந்தியில் தெளிவாகச் சொன்னார். அரபியில் மாஃபி என்றால் இல்லை. பாஸ்போர்ட் கஃபீலின் ஆபீஸ் பெட்டியில் இருந்தது. பெட்டி எங்கே இருந்ததோ தெரியாது.

அடுத்த வாரம் டேங்கர் நின்றது.

அதன்பிறகு நாங்கள் பார்த்தது வேலையல்ல, பேய்ப்பாடு. பக்கத்தில் ஒரு பேரீச்சந்தோட்டம். அதைக் காவல் காத்த பாகிஸ்தான் பட்டாணிக்காரர் மனமிரங்கி, தன் கிணற்றிலிருந்து ஒரு குழாய் இழுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் தோட்டம் குடித்ததுபோக மிச்சம் வரும். அது வந்தால் முதலில் இலவ மரத்துக்கு, பிறகு வாழைக்கு. நாங்கள் குளித்த தண்ணீர் கொடிகளுக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் குரோட்டன்ஸுக்கு. நீச்சல் குளத்தின் அடியில் கிடந்த பாசித் தண்ணீரைக்கூட அண்ணன் வாளியில் மொண்டு சுமந்தார். சுவரில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற முகங்களைப் பார்த்தால் அவையும் தாகத்தில் நிற்பதாகத்தான் எனக்குப் பட்டது.

வாங்குகிறவர் அடுத்த வாரம் வருகிறார் என்பார் மேனேஜர். நாங்கள் விழுந்து விழுந்து இலைகளைக் கழுவுவோம். அந்த வாரம் போகும். அதற்கடுத்த வாரமும் 'அடுத்த வாரம்'தான். கார்த்திகை போனது. பொங்கலும் போனது.

ஒவ்வொரு தடவையும் அதை ஊருக்குச் சொல்ல வேண்டியவன் நான். செராமிக் ஃபேக்டரி கேம்புக்குப் பக்கத்தில் நம்மூர் பாய் ஒருவரின் மளிகைக்கடை இருந்தது. அங்கே போய் டெலிபோன் கார்டு வாங்கிச் சுரண்டி, கடை வாசலில் நின்று பேசுவேன். பாய் கீழக்கரைக்காரர். நான் பேசும்போது ரேடியோவைக் குறைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

பெண்டாட்டி என் அம்மாவோடும் என் கூடப்பிறந்த அண்ணன் குடும்பத்தோடும் ஒரே வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது படுக்க ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால் முதலில் அவள் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். புருஷன் ஊரிலேயே இல்லாதபோது வயிற்றில் என்ன இருக்கும் என்று ஒருத்தருக்கும் யோசனை இல்லை. எங்கள் ஊர்ச் சனத்தின் அறிவு அப்படி. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

"இன்னைக்கும் உங்க அண்ணி, மலடி கைல வாங்க மாட்டேன்னுட்டு அரிசிய வேற ஆள்கிட்டக் குடுக்கச் சொல்லி வாங்குது மாமா" என்றாள் ஒரு நாள். அழவில்லை. செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னாள்.

"அடுத்த வாரம் வித்துரும்டி. மரம் நல்லா இருக்கு."

"அந்த மரத்தச் சாக விட்டுட்டுக் கிளம்பி வந்தாத்தான் என்ன?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "கிறுக்கு மாதிரிப் பேசாத. மரம் செத்தா ஹோட்டல் விக்காது. ஹோட்டல் விக்காட்டி பாஸ்போர்ட் வராது. இங்க உள்ளது உனக்கு என்ன தெரியும்?"

அதற்கு அவள், "மாசி முடியட்டும் மாமா. அதுக்குள்ள வந்துருங்க. வரலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். போனா அப்புறம் என்னத் தேடாதீங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் கோபம் என்று விட்டிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

தை பாதியில் இலவ மரத்தில் பழுப்பு விழத் தொடங்கியது. காலையில் கூட்டிவிட்டு வந்தால் மத்தியானம் மறுபடி குளத்தில் இலை மிதக்கும். பத்து நாளில் மரம் மொட்டை. ஒரு இலை இல்லை. எனக்கோ காலே தரையில் பாவவில்லை. இலவ மரம் தையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டு வைக்கும், மாசியில் பூக்கும். போடியில் பிறந்த பிள்ளைக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன தையில் அது உதிர்க்கவில்லை. பிடுங்கி நட்ட அதிர்ச்சியில், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பச்சையாக நின்றது. இப்போது உதிர்க்கிறது என்றால் வேர் பிடித்துவிட்டது, பருவம் தெரிந்துகொண்டது என்று அர்த்தம். கிளை நுனிகளில் மொட்டுகள் கொத்துக் கொத்தாக வந்திருந்தன. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் பீடியைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்து, "புள்ளத்தாச்சி மாதிரில்ல நிக்கிது" என்றார்.

சொல்லிவைத்த மாதிரி அந்த மாசியில்தான் வாங்குகிறவர் நிஜமாகவே வருகிறார் என்று உறுதியானது. இரண்டு நாள் முன்னால் மேனேஜர் வந்து பார்த்தார். மரத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். ஷார்ஜாவில் பிளாஸ்டிக் இலை கிடைக்கும், கொத்துக் கொத்தாக வாங்கி வருகிறேன், கம்பியால் கட்டுங்கள், முள்ளில் நிற்காவிட்டால் ஆணியடியுங்கள் என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதாம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் முடியாது என்றோம். யோசிக்கவே இல்லை. மொட்டு வைத்த மரத்தில் கம்பி கட்டி ஆணியடிக்கிற காரியத்தை எங்கள் பக்கத்தில் எவனும் செய்ய மாட்டான். "சூல் கொண்ட மரத்துல ஆணி அடிச்சா அடிச்சவன் குடும்பம் வெளங்குமா தம்பி? நீயே சொல்லு அவங்கிட்ட" என்றார் அண்ணன். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பூ வரப்போகிறது சாப், இலையைவிடப் பூ நல்லது சாப், வருகிறவர் கொடுத்துவைத்தவர் சாப் என்று அளந்தேன். மேனேஜருக்கும் ஷார்ஜா போய்வர அலுப்போ என்னவோ, "அச்சா, உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபிறகு நாங்கள் மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி, தண்ணீர் தெளித்தோம். பூ இன்னும் விரியவில்லை. இரண்டு நாளில் விரிந்துவிடும் என்று நம்பினோம். நான் மளிகைக்கடைக்குப் போய் அவளுக்குப் போன் போட்டு, இந்தத் தடவை உறுதி என்று சொன்னேன். "சரி மாமா" என்றாள். அந்தச் 'சரி'யில் கொஞ்சம் உயிர் இருந்தது. பாய் அன்று ஒரு டீ கொடுத்து, காசு வாங்கவில்லை.

வாங்குகிறவர் மனைவியோடு வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குக்கூடக் கைகொடுத்தார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார், சுவர் முகங்களைப் பார்த்துச் சிரித்தார். வாழை இலைகள் கழுவிவிட்ட பளபளப்பில் நின்றன. பிறகு குளத்தங்கரைக்கு வந்தார்கள். ஹோட்டலின் மொத்த அழகும் அங்கே இருந்துதான் தெரிய வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரப் பெண்மணி கணக்குப் போட்டுக் கட்டிய இடம் அது. அங்கே வானத்துக்கு எதிராக, ஒரு இலைகூட இல்லாமல், முள்ளும் கிளையுமாக எங்கள் மரம் நின்றது.

அந்த அம்மாள் தன் புருஷனிடம் ஏதோ கேட்டார். அவர் மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்து, "செத்துப்போச்சா என்று கேட்கிறார்" என்றார்.

"மரா நஹி சாப்! இதோ பாருங்கள் மொட்டு" என்று ஓடிப்போய் உயரத்தில் இருந்த கிளையைக் காட்டினேன். அண்ணனும் கையை உயர்த்திக் காட்டினார். இரண்டு பேரும் அண்ணாந்துகொண்டு பைத்தியக்காரர்களைப்போல ஒரு மொட்டை மரத்தைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்த உயரத்தில் மொட்டு அவர் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? தெரிந்தாலும் அவர் தேடி வந்தது மொட்டையா? அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். அவர் மனைவி அடிமரத்து முள்ளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். நாங்கள் வாங்கிவைத்திருந்த ஜூஸைக் குடிக்காமலே போனார்கள்.

கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழுதேன். அண்ணன் தேற்றவில்லை, அவருக்கும் வீடு இருந்தது.

இரண்டாவது நாள் பூ விரிந்தது. மரம் முழுக்கக் கொத்துக் கொத்தாக வெளிறிய பூக்கள். பார்க்க எங்களைத் தவிர யாருமில்லை. எனக்கு அதைக் காணவே பிடிக்கவில்லை.

போன் போட்டுச் சொன்னேன். "சரி" என்றாள். இந்தத் தடவை 'மாமா' இல்லை. மாசி முடிந்து நான் கூப்பிட்டபோது அம்மா எடுத்தாள். "அவ டிரங்குப் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டாடா" என்றாள். மாமியார் வீட்டு எண்ணுக்கு அடித்தேன். மச்சினன் எடுத்து, தங்கச்சி பேச மாட்டேங்குது என்று சொல்லிவிட்டு வைத்தான். மறுபடி அடித்தால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

மேனேஜர் வந்தார். வேறொரு ஆள் வாங்க வருவான், அடுத்த மாதம், ஜங்கிளை விட்டுவிடாதீர்கள் என்றார். தலையாட்டினோம். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் அண்ணன் எழுந்து போய், பட்டாணிக்காரர் தோட்டத்திலிருந்து வருகிற குழாயின் வால்வை மூடினார். சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போதும் தம்பி. இனிமே என்னால ஆகாது."

நான் திறக்கச் சொல்லவில்லை. யாருக்காகத் திறப்பது?

அந்த ஊர் வெயிலுக்குக் காட்டைக் கொல்ல அதிக நாள் ஆகவில்லை. முதலில் வாழை மடிந்தது, பிறகு கொடிகள் சுவரிலிருந்து சருகாக உரிந்து விழுந்தன. காய்ந்த இலைகள் காற்றில் அறைக்கு அறை ஓடும் சத்தம் பகலெல்லாம் கேட்கும். இலவ மரம் மட்டும் தன்னிடம் இருந்த தண்ணீரை வைத்துக் காய்களை முற்றவைத்தது. சித்திரைக் கடைசியில் அவை வெடித்தன. அதிகம் இல்லை. குளத்துத் தரையிலும் கோபுரப் படிகளிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வேறு வேலை இல்லாததால் அதைப் பொறுக்கி, விதை நீக்கி, ஒரு பையில் சேர்த்தேன். அறைகளில் கிடந்த ஒரு திரைத்துணியைக் கிழித்து உறை தைத்து, அதற்குள் அடைத்தேன். ஒரு கைக்குழந்தையின் தலைக்குக் காணும் அளவில்தான் தலையணை வந்தது. அவளுக்குக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அவளைப் பார்ப்போம் என்ற நப்பாசை அப்போதும் போகவில்லை.

வைகாசியில் மேனேஜர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். எங்களைத் திட்டுவார், போலீஸுக்குப் போவார் என்று பயந்துகொண்டுதான் எதிரில் போனோம். அவர் கோபப்படவே இல்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைகளை உதறினார்.

"கார்டன் மாஃபி என்றால் கார்டனரும் மாஃபி. உங்களை இனி எதற்கு வைத்துக்கொள்வது? கலாஸ், முடிந்தது. விசாவைக் கேன்சல் போட்டுவிடுகிறேன்."

அவ்வளவுதான். பத்து நாளில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

நான் பாஸ்போர்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த மரத்தைச் சாக விட்டுட்டுக் கிளம்பி வந்தாத்தான் என்ன என்று அவள் கேட்டது காதில் வந்து நின்றது. காடு பச்சையாக இருந்ததுதான் எங்களைக் கட்டிவைத்திருந்தது. குளித்த தண்ணீரையும் குடிக்க வேண்டிய தண்ணீரையும் ஊற்றி ஊற்றி, பூட்டைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தான். போடியை விட்டு வெளியே போகாதவள் அதை ஒரே வரியில் சொன்னாள். நான் கிறுக்கு என்றேன்.

ஆனியில் ஊருக்குப் போய் இறங்கினேன். வைகாசியிலேயே பஞ்சாயத்துக் கூட்டி எங்கள் கல்யாணத்தை அத்துவிட்டிருந்தார்கள். என் பக்கத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன் போய் உட்கார்ந்து, என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்திருந்தான். அவளுக்குக் கம்பம் பக்கத்தில் வேறு இடம் பேசி முடித்தாயிற்று என்றார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் இருந்தது. இன்னொருத்தனுக்குப் பேசி முடித்த பெண்ணிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

அம்மா என் பெட்டியைப் பிரித்துச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சோப்பு, தைலம், டார்ச் லைட். அடியில் கிடந்த தலையணையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள்.

"இலவம்பஞ்சுல்ல இது? நம்மூர்ல இல்லாததா, அம்புட்டுத் தூரத்துல இருந்து சொமந்துக்கிட்டு வந்துருக்க?" என்றாள். பிறகு அதைக் கையில் ஏந்திக்கொண்டே கேட்டாள். "யாருக்குடா இம்புட்டுச் சின்னத் தலகாணி?"